அப்பா செய்த பாவம் பிள்ளை தலையிலா?

கேள்வி: தகப்பன்மாரின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரை பிள்ளைகளிடம் விசாரிப்பேன் என்கிறது யாத்திராகமம் 20:5. மகன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிறது எசேக்கியேல் 18:20. எதை நம்புவது?

பதில்: முரண்பாடே இல்லை என்று சொல்லி உங்களை அனுப்பிவிடலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். முதல் வசனம் பாவத்தின் விளைவைப் பற்றியது, இரண்டாவது தண்டனையைப் பற்றியது, அப்பா கெட்டுப்போனால் குடும்பமே அவதிப்படும் ஆனால் குற்றவாளி அவர் மட்டும்தான் என்பார்கள். பாதி தூரம் சரி. யோசுவா 7-க்கு வந்தால் மாட்டிக்கொள்ளும். கொள்ளைப் பொருளை ஒளித்து வைத்தவன் ஆகான், ஆனால் அவனுடைய மகன்களையும் மகள்களையும் சேர்த்துத்தான் ஆகோர் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோகிறார்கள், கல்லெறிகிறார்கள், சுட்டெரிக்கிறார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கத்தான் போனார்கள் என்று சிலர் சமாளிப்பார்கள், எனக்கு ஒட்டவில்லை. 2 சாமுவேல் 21-லும் சவுல் ராஜா செய்த கொலைகளுக்கு அவர் வம்சத்தில் ஏழு பேர் சாகிறார்கள்.

இத்தனைக்கும் தகப்பனுக்காகப் பிள்ளையைக் கொல்லக் கூடாது என்று உபாகமம் 24:16 சட்டமே போட்டிருக்கிறது. அமத்சியா ராஜா தன் அப்பாவைக் கொன்றவர்களைக் கொன்றுவிட்டு, அவர்களின் பிள்ளைகளை மட்டும் விட்டுவிடுகிறான், அதற்கு 2 இராஜாக்கள் 14 சொல்லும் காரணம் இந்தச் சட்டம்தான். ஆக, இரண்டு வழக்கமும் பைபிளுக்குள்ளேயே இருக்கின்றன.

சரி, தீர்க்கதரிசி எசேக்கியேல் யாரிடம் பேசினார்? கி.மு. 597-ல் பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ‘பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது’ என்று அந்த ஜனங்கள் ஒரு பழமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதாவது தாத்தா செய்ததற்கு நாங்கள் அடிபடுகிறோம், இனிமேல் திருந்தி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பு. அதற்குத்தான் அவர் பதில் சொல்கிறார்: அந்தப் பழமொழியை விடுங்கள், சாகிறவன் சாவதில் கடவுளுக்குப் பிரியமில்லை, திரும்புங்கள், பிழைப்பீர்கள். எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் 5:7-ஓ, பிதாக்களின் அக்கிரமத்தை நாங்கள் சுமக்கிறோம் என்று அழுகிறது. அதையும் யாரும் வெட்டி எறியவில்லை.

யூத ரபிகள் இதைச் சுற்றி வளைக்கவில்லை, மோசே விதித்ததை எசேக்கியேல் வந்து ரத்து செய்தார் என்று தங்கள் சட்ட விளக்க நூலான தல்மூதில் நேராகவே சொல்லிவிட்டார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். பரம்பரைச் சாபம் என்று பயமுறுத்துகிறவர்கள் யாத்திராகமத்தில் அந்த ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், அடுத்த வசனத்திலேயே ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்று இருப்பது கண்ணில் படாது. யோவான் 9-ல், பிறவிக் குருடனைப் பார்த்து இது யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்க, இவனும் இல்லை அவர்களும் இல்லை என்கிறார் இயேசு. யாராவது உங்கள் வீட்டுக் கஷ்டத்துக்கு முன்னோர் பாவத்தைக் காரணம் காட்டினால் அந்த அதிகாரத்தைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: தீர்ப்புச் செய்யாதே என்று மத்தேயு 7:1, நீதியாகத் தீர்ப்புச் செய் என்று யோவான் 7:24. எப்படி?

பதில்: இது சுலபம். மத்தேயுவில் நாலு வசனம் தள்ளிப் படியுங்கள். முதலில் உன் கண்ணிலிருக்கும் உத்திரத்தை எடு, அப்புறம் சகோதரன் கண்ணிலிருக்கும் துரும்பை எடுக்கலாம் என்று இருக்கிறது, துரும்பைத் தொடவே கூடாது என்று இல்லை. யோவானில் நடப்பது வேறு, ஓய்வுநாளில் ஒருவனைக் குணமாக்கியதற்குக் கோபித்தவர்களிடம் இயேசு பேசுகிறார்: அதே நாளில் விருத்தசேதனம் செய்ய உங்களுக்குத் தடையில்லை, ஒரு மனுஷனைச் சுகப்படுத்தினால் மட்டும் குற்றமா?