ப்ளாங்கில் வந்த பீக்

அன்புள்ள ஐயா,

வேதியியலில் முதுகலை முடித்து, உணவு மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். அரைப்பது, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்குவது, வடிகட்டுவது, கருவியில் ஓட்டுவது. முக்கால்வாசி அறிக்கைகளில் நான் எழுதுவது ‘கண்டறியப்படவில்லை’. அடுத்து பிஎச்டிக்கும் இதே துறைக்கு வரச்சொல்கிறார்கள். இது ஆராய்ச்சியா, கூலிவேலையா? (பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அலுப்பு எனக்கும் தெரியும். சில வருடங்கள் அதே வேலையைச் செய்தவன்தான். ஒருமுறை எதுவும் இருக்கக்கூடாத ப்ளாங்கில், அதாவது மாதிரியே சேர்க்காத வெற்றுச் சோதனையில், அழகான ஒரு பீக் வந்தது. பீக் என்பது ஏதோ ஒரு பொருள் இருப்பதைக் காட்டி வரைபடத்தில் எழும் கூம்பு. நான்கு நாள் கரைப்பானை மாற்றினேன், பொருட்களைப் பிரிக்கும் குழாயை (column) மாற்றினேன், கருவியைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் நான் போட்டிருந்த கையுறையிலிருந்து வந்த தாலேட், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள்.

இப்போது வேறொருவருக்கு வந்த பீக்கைச் சொல்கிறேன். 1997இல் ஸ்வீடனின் ஹாலண்ட்சோஸ் மலையில் ரயில் சுரங்கம் தோண்டும்போது, நீர்க்கசிவை அடைக்கச் செலுத்திய கலவையிலிருந்து அக்ரிலமைடு என்ற நச்சு வேதிப்பொருள் ஓடைநீரில் கலந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் கால் இழுத்து விழுந்தன. தொழிலாளிகளின் உடலில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் மார்கரெட்டா டோர்ன்க்விஸ்ட் குழுவிடம் வந்தது. அக்ரிலமைடு ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், சில மாதக் கணக்கு ரத்தத்திலேயே பதிந்திருக்கும்.

தொழிலாளிகளிடம் அது இருந்ததில் ஆச்சரியமில்லை. ஒப்பிடுவதற்காக எடுத்த, சுரங்கத்தின் பக்கமே போகாத ஆட்களின் ரத்தத்திலும் இருந்தது. புகையிலைப் புகையில் அக்ரிலமைடு உண்டு, சரி. புகைக்காதவர்களிடம் எப்படி வந்தது? காட்டு விலங்குகளிடமோ மிகக் குறைவு. விலங்கு செய்யாத எதை மனிதன் செய்கிறான்? சமைக்கிறான்.

எலிகளுக்குப் பொரித்த தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள்; ரத்தத்தில் அளவு ஏறியது. அதை 2000இல் வெளியிட்டார்கள். அப்புறம் உணவையே நேரடியாக அளந்தார்கள். வறுத்த, பொரித்த உருளைக்கிழங்கில் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேல். வேகவைத்ததில் கண்டறியப்படவில்லை. (ஆமாம், நீங்கள் அலுத்துக்கொள்ளும் அதே வார்த்தை. அது இல்லாவிட்டால் காரணம் சூடுதான் என்று சொல்லியிருக்கவே முடியாது.) குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த எண்களின் கனம் புரியும். 2002 ஏப்ரலில் இது வெளியே வந்தபோது உலகமே அதிர்ந்தது. அதே வருடம், அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன என்று வேறு குழுக்கள் காட்டின.

அதிர்ஷ்டம் என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹீமோகுளோபினில் ஒட்டியதைக் கழற்றி அளக்கும் முறையை, புரதத்தின் முனையிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் எட்மன் முறையைத் திருத்தி, டோர்ன்க்விஸ்ட் 1986இலேயே வெளியிட்டுவிட்டார். சுரங்கம் கசிய இன்னும் பதினோரு வருடம் இருந்தது. தன் முறை எங்கே பொய் சொல்லும், எங்கே சொல்லாது என்று அத்தனை வருடம் பழகியவர் என்பதால்தான், ஒப்பீட்டு ஆட்களிடம் வந்த எண்ணைப் பிழை என்று தள்ளாமல் இருக்க முடிந்தது. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. என்னுடையது கையுறை என்று கண்டுபிடிக்கவே நான்கு நாள் ஆனதே.

இதற்குப் பிறகும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1994இல் இதை ‘மனிதரில் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் வைத்தது. விலங்குகளில் சான்று உறுதி, சாப்பாட்டின் வழியாக மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் போட்ட விதி, பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுக்குக் கிலோவுக்கு 500, சிப்ஸுக்கு 750 மைக்ரோகிராம் என்று, குறைக்கப் பார்க்கவேண்டிய ஓர் ஒப்பீட்டு அளவு வைத்தது. அந்த எண்களைச் சரிபார்க்க எங்கோ ஓர் ஆய்வகத்தில் உங்களைப் போல ஒருவர் அரைத்துக் குலுக்கிக்கொண்டிருப்பார்.

கூலிவேலையா என்று கேட்டீர்கள். வந்த மாதிரியை ஓட்டி எண்ணை அனுப்புவதோடு நின்றால், ஆமாம். பிஎச்டிக்குப் போவதென்றால் எந்தப் பொருளை அளக்கப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே உள்ள முறையை ஓட்டச் சொல்வார்களா, புதிதாக ஒன்றை உருவாக்க விடுவார்களா என்று கேளுங்கள். முதலாவது என்றால் இப்போதிருக்கும் வேலையிலேயே இருக்கலாம், சம்பளமாவது வரும்.