பினாங்கிலிருந்து பெலும் வரை காரில் பறவை பார்க்கப் போகிறீர்களா? கேளுங்கள்

கேள்வி: அக்கா, சனி ஞாயிறு குடும்பத்தோடு பட்டர்வொர்த்திலிருந்து கிளம்புகிறோம். செபராங் பிறை, தைப்பிங், பேராக்கின் வடக்கே உள்ள பெலும் காடு மூன்றையும் முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பறவைகள் நன்றாக நடமாடுவது விடிந்ததும் வரும் இரண்டு மூன்று மணி நேரமும் சாயங்காலமும்தான், மூன்று ஊரையும் பிடிக்கப் பார்த்தால் அந்த நேரமெல்லாம் நெடுஞ்சாலையிலேயே போய்விடும், போய்ச் சேரும்போது உச்சி வெயில், ஒரு குருவி இருக்காது. சனிக்கிழமை காலை செபராங் பிறை, மத்தியானம் பாலிங் வழியாக கிரிக், ஞாயிறு காலை பெலும் பக்கம். தைப்பிங் இன்னொரு முறை.

கேள்வி: செபராங் பிறையில் எங்கே நிற்பது?

பதில்: பெனாகா பக்கம் ஆயர் ஹீத்தாம் டாலாம் என்று ஆற்றோரச் சதுப்புக் காடு இருக்கிறது, மார்பு ஆரஞ்சு, முதுகு நீலம் என்று ஒரு சின்ன ஈப்பிடிப்பான் அங்கே பேர்போனது. வழியில் வயல்களையும் விட்டுவிடாதீர்கள். நத்தைகுத்தி நாரைகள் இப்போது வடக்கே கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நெற்பயிரைத் தின்கிற தங்க நத்தைதான் அவற்றுக்குச் சாப்பாடு. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, உள்ளேயே இருந்து பாருங்கள். கதவைத் திறந்து இறங்கினால் பறந்துவிடும்.

கேள்வி: பைனாகுலர் எது வாங்க?

பதில்: 8x42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்பதால் காட்டு இருட்டிலும் வெளிச்சம் போதும். 12 மடங்கு வேண்டாம், கை ஆடும்.

கேள்வி: பெலும் போனால் இருவாச்சி, அதுதான் பெரிய அலகுள்ள ஹார்ன்பில், கண்டிப்பாகத் தெரியுமா?

பதில்: கண்டிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது தங்கச்சி, ஆனால் தீபகற்பத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மலேசியாவில் உள்ள 10 வகை இருவாச்சியும் பெலும் தெமெங்கோர் காட்டில் இருக்கின்றன. தொண்டைப் பையில் கருங்கோடு இல்லாத ஒரு வகை ஆகஸ்ட், செப்டம்பரில் நூற்றுக்கணக்கில் அங்குள்ள தெமெங்கோர் ஏரிக்கு மேலே கடந்துபோகும், அதைப் பார்க்கவே லீவு போடலாம். முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பெரிய இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தம் நீராவி ரயில் மாதிரி தலைக்கு மேலே போகும். அப்புறம் ஒரு குரல், "ஹூ... ஹூ..." என்று விட்டு விட்டு ஆரம்பித்து, வேகம் கூடிக் கூடி, கடைசியில் பெரிய சிரிப்பாக வெடிக்கும். அது தலைக்கொம்பு கெட்டியாக இருக்கும் இருவாச்சி. அந்தக் கொம்பைச் செதுக்கி விற்கத்தான் அதை வேட்டையாடித் தீர்க்கிறார்கள், இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. குரல் கேட்ட இடத்தைப் படமும் வரைபடமுமாக ஊரெல்லாம் பரப்பாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

கேள்வி: கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடலாமா?

பதில்: கூடாது. எதிரி வந்துவிட்டான் என்று பறவை இரையையும் குஞ்சையும் விட்டு ஓடி வரும். மெர்லின் செயலியைப் பெயர் கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மலேசியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள், காட்டில் லைன் இருக்காது.

கேள்வி: நான் கேஎல். அவ்வளவு தூரம் வர முடியாது.

பதில்: மார்ச்சில் போர்ட்டிக்சன் தாண்டி தஞ்சோங் துவான் போங்கள். வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து அந்த முனைக்குத்தான் வந்து சேரும். கடலுக்கு மேல் சூடான காற்று எழும்பாது, அதனால் குறுகலான இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. இங்கே மட்டும் விடியற்காலை அவசரம் இல்லை, பதினொரு மணிக்கு மேல் போனால் போதும்.

கேள்வி: கிரிக்கிலிருந்து ராத்திரி ஓட்டலாமா?

பதில்: கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் யானை கடக்கும், இருட்டில் எதிரே நிற்பது கிட்டே போனால்தான் தெரியும். கிரிக்கிலேயே எண்ணெய் ஊற்றிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் போய்ச் சேருங்கள்.