வில்லைப் பிடிக்க எந்தக் கை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது 36. சில வருடங்களுக்கு முன் வலது கை மெஷினில் மாட்டி, ஆள்காட்டி விரல் அடியோடு போய்விட்டது. நடுவிரல் நடு மூட்டு வரைதான் இருக்கிறது. கட்டைவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் நன்றாக உள்ளன. என் மகள் வில்வித்தை வகுப்புக்குப் போகிறாள். அவளோடு சேர்ந்து மூங்கில் வில்லில் எய்ய எனக்கும் ஆசை. ஓரிடத்தில் கேட்டபோது கையைப் பார்த்துவிட்டு, "நாண் இழுக்கிற விரலே இல்லையே, வேற விளையாட்டு பாருங்க சார்" என்றார்கள். உண்மையிலேயே முடியாதா?
வாசகர், அம்பத்தூர்

பதில்: முடியும் தம்பி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வருத்தம் வந்தது. எந்தக் கையால் நாண் இழுக்கப் போகிறீர்கள் என்று கேட்காமலேயே உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

சென்னையில் பெரும்பாலான வகுப்புகளில் ஒரே முறையைத்தான் சொல்லித் தருகிறோம். ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் கீழே. மூன்று விரல்களின் நுனி மூட்டு மடிப்பில் நாண் உட்காரும். காய்கறிப் பை தூக்கும்போது விரல்கள் தானாக மடிந்து நிற்குமே, அதே மடிப்புதான். உங்கள் வலது கையில் அந்த முறைக்கு வேண்டிய முக்கியமான இரண்டு விரல்கள் இல்லை. மிச்சமிருக்கும் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் வைத்து இழுக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றையும் ஆழத்திலிருந்து மடக்கும் தசைநாண்கள் முன்கையில் ஒரே தசையோடு சேர்கின்றன. வெட்டுப்பட்ட நடுவிரலின் தசைநாண் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், பக்கத்து விரல்களின் மடக்கும் பலமும் குறைந்துவிடும். அந்த இரண்டு விரல்களில் தினமும் பாரம் ஏற்றுவது உங்கள் கைக்கு நல்லதில்லை.

அதனால் கையை மாற்றுங்கள். இடது கையால் நாண் இழுங்கள், வலது கையில் வில்லைப் பிடியுங்கள்.

"விரல் இல்லாத கையால் வில்லைப் பிடிப்பதா?" என்று தோன்றும். வில் பிடிக்கும் கை உண்மையில் எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. நன்றாக எய்பவர்களின் வில் கையைக் கவனியுங்கள், விரல்கள் தளர்ந்து கிடக்கும். வில்லின் அழுத்தம் முழுவதும் கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதை மேட்டில்தான் விழும். அந்த இடம் உங்களுக்கு முழுசாக இருக்கிறது. அம்பு போன பிறகு வில் கீழே விழாமல் இருக்க ஒரு கயிறு போதும். பழைய ஷூ லேஸ் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கட்டைவிரலிலும் மறு முனையை மோதிர விரலிலும் வளையமாக மாட்டி, வில்லுக்கு முன்பக்கமாக வரும்படி விடுங்கள். இது ஊனத்துக்காக நான் கண்டுபிடித்த உபாயம் இல்லை. பத்து விரலும் உள்ள போட்டியாளர்களே இப்படித்தான் ஸ்லிங் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் கேட்டது மூங்கில் வில். அம்பு தாங்கி வைக்காத எளிய மூங்கில் வில்லில், அம்பு வில் பிடித்த கையின் ஆள்காட்டி விரல் கணுவின் மேல்தான் படுக்கும். உங்களுக்கு அந்தக் கணு இல்லை. இதற்கு இரண்டு வழிகள். எளிய வழி, பிடிக்கு மேலே வில்லின் வலப்பக்கத்தில் தடித்த தோல் துண்டையோ கார்க் துண்டையோ தட்டு மாதிரி ஒட்டிவிடுவது. அம்பு அதன் மேல் படுக்கும், கை தொடவே வேண்டாம். பக்கத்தை மாற்றி ஒட்டிவிடாதீர்கள். இடது கையால் மூன்று விரல் முறையில் இழுப்பவருக்கு அம்பு வில்லின் வலப்பக்கம்தான் வர வேண்டும். ஒரு பக்கம் வெட்டிய ரிகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) வாங்குவதாக இருந்தால், லெஃப்ட் ஹேண்ட் வில் என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: கட்டைவிரல் இழுப்பு. மங்கோலியர்களும் துருக்கியர்களும் கொரியர்களும் முகலாயர்களும் நாணைக் கட்டைவிரலால் இழுத்தார்கள். விரல் அறுபடாமலிருக்க மோதிரம் போட்டார்கள். ஷாஜகானின் ஜேட் கல் மோதிரம் ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. இந்த முறையில் அம்பு வில்லின் மறுபக்கத்துக்கு, அதாவது வில் பிடித்த கையின் கட்டைவிரல் பக்கத்துக்கு வந்துவிடும். நீங்கள் இடது கட்டைவிரலால் இழுத்தால், அம்பு உங்கள் வலது கட்டைவிரலின் மேல் படுக்கும். அது உங்களிடம் இருக்கிறதே! தாங்கி எதுவும் ஒட்டாமல், வில்லில் எதையும் மாற்றாமல், பழைய மரபுப்படியே எய்யலாம். இறகு உரசாமலிருக்க அந்தக் கட்டைவிரலில் ஒரு சுற்று பிளாஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். மோதிரத்தோடு பழக நாளாகும், அவசரப்பட வேண்டாம். முதலில் தோல் தட்டு, மூன்று விரல் என்று ஆரம்பித்து, கை பழகியபின் இதற்கு வாருங்கள்.

அப்புறம் கண். நடுவில் சின்ன ஓட்டை போட்ட அட்டையை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து, தூரத்தில் ஒரு ஸ்விட்சை அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் ஸ்விட்ச் காணாமல் போகிறதோ, அதுதான் உங்கள் ஆளும் கண். அது இடது கண்ணாக இருந்தால் யோகம். வலது கண்ணாக இருந்தாலும் ஒன்றுமில்லை, எய்யும்போது அதை மூடிக்கொள்ளப் பழகலாம்.

வில்லின் பலம், அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் விசை, 16 முதல் 20 பவுண்டுக்குள் இருக்கட்டும். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. அதைவிட நீளமாக இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு கூடும். வில் நீளமானதாக இருப்பதும் நல்லது. குட்டையான வில்லை முழுக்க இழுக்கும்போது நாண் கூர்மையாக மடிந்து விரல்களை நெருக்கும், நீளமான வில்லில் அந்த நெருக்கல் குறைவு. மகளிடம் இருக்கும் வில்லை எடுத்து முயன்று பார்க்க வேண்டாம், அது அவள் அளவு.

தொடங்குவதற்கு முன் கையை ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் நரம்பு முனை முடிச்சாகி, தொட்டாலே ஷாக் அடிப்பது போல் சுள்ளென்று வலிப்பவர்கள் உண்டு. ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் அப்படி வலி இருந்தால் வில்லின் பிடியை அதற்கேற்பச் செதுக்க வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது வில்லையும் எடுத்துக்கொண்டு போங்கள். "வில் விடலாமா?" என்று வாயால் கேட்பதைவிட, பிடித்துக் காட்டினால் அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

மொட்டை மாடியில் மட்டும் பழகாதீர்கள். குறி தப்பும் அம்பு பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போகும். வகுப்பிலேயே, வைக்கோல் இலக்குக்கு ஐந்து மீட்டர் முன்னால் நின்று ஆரம்பியுங்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது, வில் உடைந்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பிறவியிலேயே இடது கையில் கட்டைவிரல் இல்லை. எல்லா வேலையும் வலது கையால்தான் செய்வாள். ஏகலைவன் கதை சொல்லி, கட்டைவிரல் இல்லாமல் வில்வித்தையா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
வாசகி, பெரம்பூர்

பதில்: தாராளமாகச் சேருங்கள் அம்மா. உறவினர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கட்டைவிரலைக் கொடுத்த பிறகும் ஏகலைவன் மற்ற விரல்களால் எய்தான், முன்பிருந்த வேகம்தான் இல்லை என்று மகாபாரதமே சொல்கிறது.

இன்றைய மூன்று விரல் முறையில் நாண் இழுக்கும் கையின் கட்டைவிரலுக்கு வேலையே கிடையாது. அதை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொள் என்றுதான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன். அது நீட்டிக்கொண்டு நின்றால் கழுத்தில் இடித்து, கை தாடைக்குக் கீழே சரியாகப் பொருந்தாது. ஆகவே உங்கள் மகள் இடது கையால் நாண் இழுக்கட்டும். கட்டைவிரல் இல்லாத கையில் வில்லைக் கொடுத்தால்தான் பிடி வழுக்கும். வலது கைக்காரப் பிள்ளைக்கு இடது கையால் இழுப்பது முதல் சில வாரம் விநோதமாக இருக்கும். குழந்தைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். 10 முதல் 14 பவுண்டுக்குள் லெஃப்ட் ஹேண்ட் வில் கேளுங்கள். வகுப்பில் அந்த வில் இல்லை என்றால், இருக்கிற வலது கை வில்லை அவளிடம் திணிக்க விடாதீர்கள். வாங்கித் தரும்வரை காத்திருங்கள்.

கேள்வி: விரல் குறைந்தவர்கள் ரிலீஸ் கருவி மாட்டிக்கொண்டு போட்டியில் கலந்துகொள்ளலாமா?
வாசகர், வேளச்சேரி

பதில்: காம்பவுண்ட் (நுனிகளில் சக்கரம் வைத்த வில்) பிரிவில் எல்லோருமே ரிலீஸ் கருவி, அதாவது விரலுக்குப் பதில் நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவி, மாட்டலாம், கேள்வியே இல்லை. மணிக்கட்டில் பட்டையாகக் கட்டும் வகையும் உண்டு. முழுக்க இழுத்தபின் கையில் நிற்கும் பாரமும் காம்பவுண்ட் வில்லில் வெகுவாகக் குறைந்துவிடும். ரிகர்வ் பிரிவில் விரலைக் காக்கும் தோல் டேப் (tab) போடலாம், ஆனால் நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவி எதுவும் அதில் இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா போட்டி என்றால் முதலில் வகைப்பாட்டுக் குழு உடலைப் பரிசோதிக்கும். பிரிவையும், உதவிக் கருவியையும் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். இரண்டு கைகளும் இல்லாத ஷீத்தல் தேவி வலது காலால் வில்லைப் பிடித்து எய்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வாங்கினார். அவர் எய்வதும் காம்பவுண்ட் வில்தான்.

கேள்வி: விரல் டேப் கடையில் கிடைப்பதெல்லாம் என் கைக்குப் பொருந்தவில்லை. எனக்கு மோதிர விரல் பாதிதான். நானே செய்துகொள்ளலாமா?
வாசகர், கொளத்தூர்

பதில்: செய்யுங்கள், அதுதான் சரியாகப் பொருந்தும். நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேட்டில் தோல் கடைகள் இருக்கின்றன. 2 மில்லிமீட்டர் தடிமனில், வழவழப்பான முகம் உள்ள துண்டு கேளுங்கள். கையை மடக்கிக் காகிதத்தில் வரைந்து வெட்டி, நடுவிரல் நுழைய ஒரு துளை, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அம்பின் வால் வர ஒரு பிளவு வையுங்கள். வழவழப்பான பக்கம் நாணைத் தொட வேண்டும். மோதிர விரல் நுனி நாணை எட்டாவிட்டால் அதை வலிந்து வளைக்காமல் இரண்டு விரலால் இழுங்கள், வில்லின் பலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வியர்வையில் தோல் ஊறிப்போகும். வெயிலில் போட்டால் விறைத்துவிடும், நிழலில் காய வைத்து லேசாக டால்கம் பவுடர் தடவுங்கள். நாண் படும் இடத்தில் பள்ளம் விழுந்ததும், அதே காகித அளவில் புதிது வெட்டிக்கொள்ளுங்கள்.