பிளாட்டரில் வரைந்த தடங்கள் ஒட்டிக்கொள்வது பற்றி

சர்க்யூட் பலகையில் ஐ.சி. (சிப்) கால்களுக்கு நடுவே போகும் தடங்கள் (மின் இணைப்புக் கோடுகள்) திரையில் விலகியிருக்கின்றன, செம்புத் தகட்டில் பிளாட்டரின் (பேனா பிடித்து வரையும் இயந்திரம்) பேனா வரைந்ததும் ஒட்டிக்கொள்கின்றன என்கிறீர்கள். பிளாட்டர்மேல் பழி போட வேண்டாம். பிளாட்டருக்கான கோப்பை உருவாக்கும்போது பேனா அகலம் 0.3 மி.மீ. என்று கொடுத்திருக்கிறீர்கள். நிரந்தர மார்க்கரின் மை செம்பில் பரவும், கோடு 0.7 வந்தால் ஒவ்வொரு தடமும் 0.4 மி.மீ. தடிக்கும். நீங்கள் விட்ட இடைவெளியே அவ்வளவுதான்!

கழிவுத் தகடு ஒன்றை இரும்பு நார் கொண்டு தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதே பேனாவால் சில கோடுகள் வரைந்து வெர்னியரில் அளந்து பாருங்கள். கிடைக்கும் அளவையே பேனா அகலமாகக் கொடுங்கள். மென்பொருள் தடத்தின் விளிம்பிலிருந்து அதில் பாதி அளவு உள்ளே தள்ளி வரையும். வேகம் குறைந்தால் மை அதிகம் இறங்கும் என்பதால், சோதனையையும் இறுதி வேகத்திலேயே செய்யுங்கள். பிளாட்டருக்குப் போகும் ஹெச்.பி.ஜி.எல். கோப்பு, கட்டளைகள் கொண்ட வெறும் எழுத்துக் கோப்புதான். பேனாவைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.பி. (SP) கட்டளைக்குப் பின், வேகத்தைச் சொல்லும் வி.எஸ். (VS) கட்டளையில் 5 கொடுத்தால் நொடிக்கு 5 செ.மீ. வேகம். நான் அதற்கு மேல் போவதில்லை, மை விட்டுவிட்டு விழுகிறது.

பேடின் (உறுப்பின் காலைப் பற்றவைக்கும் செம்புப் பகுதி) நடுவில் மை படாத சிறு துளை ஒன்றை விட்டுவைக்க மறக்காதீர்கள். மை மூடாத செம்பை ரசாயனத்தால் அரித்தபின் அந்தக் குழியில் டிரில் முனை நழுவாமல் உட்காரும்.

பலகையின் கீழ் அடுக்கை மென்பொருள் மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும்; செம்பில் நேரடியாக வரைவதால் அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். அச்சிட்ட தாளைச் செம்பின்மேல் கவிழ்த்து மையை மாற்றும் டோனர் முறையில் பழகியவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். நானும் ஒரு பலகையை இப்படித்தான் வீணாக்கினேன்.