வீதியை அகலிப்பதா, சந்தியைத் திருத்துவதா?

கேள்வி: திருகோணமலை நகருக்குள் வரும் பிரதான வீதியை நான்கு தடமாக அகலித்தால்தான் நெரிசல் தீரும் என்கிறார்கள். பழைய கடைத்தெரு இடிபடாமல் வேறு வழி உண்டா?
— வாசகர், உவர்மலை

பதில்: உண்டு. வாகனங்கள் எங்கே தேங்குகின்றன என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சந்தியில்தான். தடையில்லாமல் ஓடும் ஒரு தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 1,800 கார்கள் போகும். சமிக்ஞை விளக்கில் பாதி நேரம்தான் பச்சை என்றால் 900தான் கடக்கும். சந்தியை அப்படியே விட்டுவிட்டு இடைப்பட்ட வீதியை மட்டும் அகலித்தால், ஒரு வரிசையில் நின்றவை இரண்டு வரிசையில் நிற்கும். அதற்காக ஒரு கடைத்தெருவையே இடிப்பது அநியாயம்.

அளவைக் கூட்டிப் பாருங்கள். 3.25 மீற்றர் தடம் நான்கு, நடுத்திட்டு 1.2, இருபுறமும் 1.8 மீற்றர் நடைபாதை, அதன் அடியில் வடிகான்: மொத்தம் 17.8 மீற்றர். இரண்டு தடமும் அதே நடைபாதையும் என்றால் 10.1 போதும். சந்திக்கு முன் 40 மீற்றருக்கு மட்டும், வலப்பக்கம் திரும்பும் வாகனங்களுக்கு 3 மீற்றர் தனித்தடம் சேர்த்தால் 13.1. திரும்பக் காத்திருக்கும் ஒரு பஸ்தான் பின்னால் வரும் அத்தனையையும் மறிக்கிறது. அதற்கு ஒதுங்க இடம் கொடுத்தாலே வரிசை நகரும். சாமான் இறக்கும் லொறிகளைக் காலை 7 மணிக்கு முன் வந்து போகச் செய்தால், காசு செலவில்லாமல் ஒரு தடம் கிடைக்கும்.

ஏ6, ஏ12, ஏ15 நெடுஞ்சாலைகள் மூன்றும் வந்து முடியும் ஊர் இது. ஊரை ஊடறுத்துப் போவது பெரும்பாலும் நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் வாகனங்களே. அநுராதபுரச் சந்தியிலும் உப்புவெளியிலும் ஒரே நேரத்தில் வாகன இலக்கங்களைக் குறித்து ஒப்பிட்டால் அது எவ்வளவு என்று தெரிந்துவிடும். கூடுதலாக இருந்தால் புறவழி வீதி கேட்பதில் நியாயமுண்டு. வாரநாள், வெள்ளி, ஞாயிறு என்று மூன்று நாளும், சுற்றுலாக் காலத்தில் தனியாகவும் எண்ண வேண்டும். மழைமாதத்தில் மட்டும் எடுத்த கணக்கை ஏற்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு. வாசலில் ரோலர் ஓடினால் சுவர் வெடிக்குமா?
— வாசகி, டைக் வீதி

பதில்: ரோலரைவிட வடிகானுக்குத் தோண்டும் குழிக்குத்தான் பயப்பட வேண்டும். கரையோர மணலில் ஆழமாகத் தோண்டாமலே தண்ணீர் ஊறும். பம்ப் வைத்து இறைத்தால் தண்ணீரோடு மணலும் வந்துவிடும். ஆழமில்லாத பழைய அத்திவாரத்தின் கீழ் வெற்றிடம் விழுந்து, சுவர் மூலையிலிருந்து சாய்வாக வெடிக்கும். குழியை 3 மீற்றர் துண்டுகளாகத் திறந்து, பலகை முட்டுக் கொடுத்து, தாமதிக்காமல் மூடச் சொல்லுங்கள். ஒக்டோபரில் மழை தொடங்குமுன் இந்த வேலை முடிய வேண்டும்.

ரோலர் உங்கள் சுவரோரம் வரும்போது அதன் அதிர்வை நிறுத்தி, வீதிக்குப் போடும் மண்ணையும் கல்லையும் 20 செ.மீ. படைக்குப் பதில் 10 செ.மீ. படையாக இறுக்கலாம். ஜேர்மன் தரமான டின் 4150, இத்தகைய பழைய கட்டடங்களின் அத்திவாரத்தில் தாழ்ந்த அதிர்வெண்ணில் அதிர்வின் வேகத்துக்கு விநாடிக்கு 3 மி.மீ. என்று எல்லை வைக்கிறது. வேலைக்கு முன்பே ஒவ்வொரு வெடிப்பையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை எபொக்சிப் பசையால் ஒட்டித் திகதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் ஒப்பந்தக்காரரின் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே 5 செ.மீ. போட்டுக்கொண்டே போனால் வெள்ளம் வீட்டுக்குள்தான் வரும். வீதியின் முடிவு மட்டம் உங்கள் வாசற்படியைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று வரைபடத்திலேயே பாருங்கள்.

கேள்வி: காணி எடுக்கும் அறிவித்தல் வந்தால் எந்தக் கட்டத்தில் ஆட்சேபிப்பது? கடை மாத வாடகையில் இருக்கிறது.
— வாசகர், மத்திய வீதி

பதில்: 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் ஆய்வுக்கும் அளவைக்கும் மட்டுமே. ஆட்சேபிக்க வேண்டியது 4ஆம் பிரிவில். குறைந்தது 14 நாள் தருவார்கள். "பிழைப்புப் போகும்" என்று மட்டும் எழுதாமல், எந்தக் கட்டடம் எப்படித் தப்பும் என்று காட்டும் மாற்று வரைபடத்தை இணையுங்கள். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடம் இருந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கும் பிரதி அனுப்புங்கள். 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்தபின் 'பொதுத் தேவை இல்லை' என்று அந்தச் சட்டத்தின் கீழ் வாதிட இடமில்லை.

7ஆம் பிரிவில் நட்டஈட்டுக் கோரிக்கை. போரிலோ சுனாமியிலோ உறுதி தொலைந்த உரிமையாளர்கள் காணிப் பதிவகத்தில் இப்போதே பிரதி எடுத்து வைப்பது நல்லது. உங்கள் நிலைதான் கவலைக்குரியது: சட்டத்தின் வரைவிலக்கணம் குத்தகைக்காரரை 'அக்கறையுடையவர்', அதாவது நட்டஈடு கோரக்கூடியவர், என்று ஏற்கிறது, மாத வாடகைக்காரரை விலக்குகிறது. உரிமையாளர் சம்மதித்தால் அறிவித்தல் வருமுன் குத்தகை உறுதி முடித்துப் பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால், மீள்குடியமர்வுத் திட்டத்துக்கான கணக்கெடுப்பில் கடையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். உரிமையாளருக்கு நட்டஈடு போதாதென்றால், தீர்மானம் கிடைத்து 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.