கறுப்புக் களிமண், கொளுத்தும் வெயில், ஓயாத காற்று: டெக்சஸ் தோட்டம் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டாலஸின் வடக்குப் புறநகர்களிலிருந்து. ஒன்று மட்டும் மேற்கு டெக்சஸின் லபக்கிலிருந்து. இரண்டும் ஒரு காலத்தில் பிரெய்ரிப் புல்வெளியாக இருந்த நிலம். டாலஸில் ஆண்டுக்குச் சுமார் 37 அங்குல மழை, லபக்கில் அதில் ஏறக்குறைய பாதி. வெயிலும் காற்றும் இரண்டு ஊருக்கும் பொது.

வீட்டு முன்பக்கம் 2,500 சதுர அடிக்கு செயின்ட் அகஸ்டின் புல். கோடையில் தண்ணீர் பில் கட்டி மாளவில்லை. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுக் கூழாங்கல் கொட்டிவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?
– வாசகி, ஃப்ரிஸ்கோ

வேண்டாம். முதல் வருடம் பார்க்க நன்றாக இருக்கும். அதன்பின் காற்று கொண்டுவரும் புழுதி கல்லின் இடுக்கில் படியும். அடியில் களைத்தடுப்புத் துணி விரித்திருந்தாலும், அந்தப் புழுதிதான் களைக்கு மண். வேர் துணியைப் பின்னிக்கொள்ளும். பிடுங்கினால் துணியும் கிழிந்து வரும். துணி போடாவிட்டால் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். மேற்குப் பக்கச் சுவரை ஒட்டிக் கல் கொட்டினால் வெப்பம் சுவருக்குத் திரும்பி, மிச்சம் பிடித்த தண்ணீர்க் காசு ஏ.சி.க்குப் போகும். கல்லை நடைபாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: டீகம்போஸ்டு கிரானைட் (பொடிந்த கிரானைட் கல்) 3 அங்குலம், தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கி, ஓரத்தில் இரும்புப் பட்டை.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக்கு ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் 623 கேலன். உங்கள் இடத்துக்கு ஒரு தடவை அப்படிப் பாய்ச்சினால் 1,550 கேலனுக்கு மேல் போகிறது. ஆகவே முதலில் புல்லின் பரப்பைக் குறையுங்கள். கால் படும் இடத்துக்கு 800 அல்லது 1,000 சதுர அடி போதும். அங்கே பஃபலோ கிராஸ் போடலாம். இந்த மண்ணுக்கே உரிய குட்டைப் புல் அது. களிமண் அதற்குப் பிடிக்கும்; ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மர நிழலில் வராது. பிள்ளைகள் தினமும் கிரிக்கெட் ஆடும் இடம் என்றால் பஃபலோ தாங்காது. அங்கே பெர்முடாவே இருக்கட்டும்.

வேலையின் வரிசை முக்கியம். செயின்ட் அகஸ்டின் மண்மேல் படர்வது என்பதால் சாட் கட்டர் (புல்லை வேரோடு சீவும் இயந்திரம்) வாடகைக்கு எடுத்துச் சீவிவிடலாம். நடுவில் பெர்முடா கலந்திருந்தால் சீவினால் போகாது. அதன் கிழங்கு வேர் ஆழத்தில் இருக்கும், அட்டை விரித்து மூடினாலும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். ஜூலை, ஆகஸ்டில் அது பச்சையாக வளரும்போதே கிளைஃபோசேட் களைக்கொல்லி தெளித்து, மூன்று நான்கு வாரம் விட்டு மறுபடி துளிர்ப்பதற்கு மறுபடி தெளிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கும் பெர்முடாவில் தெளித்தால் மருந்து வேருக்கு இறங்காது. காற்று எழும்புமுன் காலையில் தெளியுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ரோஜாவுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

அக்டோபரில் செடிகளை நடுங்கள். குளிர்காலம் முழுக்க வேர் இறங்க நேரம் கிடைக்கும். ஏப்ரலில் நட்ட செடிக்கு வேர் பிடிப்பதற்குள் நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிடும். ரெட் யுக்கா, சால்வியா கிரெகி, கல்ஃப் மியூலி புல், லிட்டில் புளூஸ்டெம், நிழல் பக்கத்துக்கு டர்க்ஸ் கேப், ஒரு டெசர்ட் வில்லோ: இவ்வளவு இருந்தாலே முன்பக்கம் நிறைந்துவிடும். பிளாக்ஃபுட் டெய்ஸி போன்றவை வெயிலில் சாவதைவிடக் களிமண் ஈரத்தில் அழுகிச் சாவதே அதிகம். அவற்றுக்கு மட்டும் 8 அங்குலம் மண்ணை மேடாக்கி, எக்ஸ்பாண்டட் ஷேல் (சுட்டு உப்பவைத்த களிப்பாறைத் துண்டு) 3 அங்குலம் பரப்பி மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள். மணல் கலக்காதீர்கள்; இந்தக் களிமண்ணும் மணலும் சேர்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். நட்டபின் அரைத்த மரச்சிராய் மல்ச் (மண்ணை மூடும் போர்வை) 3 அங்குலம். பெரிய பைன் பட்டைத் துண்டுகள் காற்றில் பறக்கும், மழையில் மிதக்கும். நார்நாராக அரைத்தது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும்.

பஃபலோ விதையை ஏப்ரல் கடைசியில், மண் நன்றாகச் சூடான பிறகு விதையுங்கள். ஆயிரம் சதுர அடிக்கு 2 முதல் 3 பவுண்டு. முளைப்புக்காகப் பதப்படுத்திய விதைதானா என்று கேட்டு வாங்குங்கள். பதப்படுத்தாததில் பெரும்பகுதி உறங்கிக்கொண்டே இருக்கும். கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக மண்ணுக்குள் போகும்படி வாரிவிட்டு, உருளையால் அழுத்தி, மேலே மெல்லிசாகச் சலித்த கம்போஸ்ட். வைக்கோல் போட்டால் மாலைக்குள் வேலியோரம் போய்ச் சேரும். இரண்டு மூன்று வாரம் மேல்மண் காயக்கூடாது. பிறகு படிப்படியாக இடைவெளி விடுங்கள்.

வேரூன்றிய பிறகு இந்தப் புல்லைக் கெடுப்பது அன்புத் தொல்லைதான். அதிகத் தண்ணீரும் உரமும் கொடுத்தால் பெர்முடா அழைக்காமலே உள்ளே வந்துவிடும். ஆயிரம் சதுர அடிக்கு வருடத்தில் ஒரு பவுண்டு நைட்ரஜன் போதும், போடாவிட்டாலும் குறையில்லை. வருடத்தில் மூன்று நான்கு முறை, 3 அங்குல உயரத்தில் வெட்டினால் சரி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வைக்கோல் நிறத்தில் இருக்கும். அது சாகவில்லை.

ஸ்பிரிங்க்ளர் தினமும் 20 நிமிடம் ஓடுகிறது. தண்ணீர் தெருவில் வழிகிறது, புல்லோ காய்கிறது. எங்கே தப்பு?
– வாசகர், பிளேனோ

மூன்று இடத்தில். சாதாரண ஸ்பிரே நாசில் மணிக்கு ஒன்றரை அங்குலம் கொட்டும். உங்கள் களிமண் மணிக்குக் கால் அங்குலம் குடித்தால் அதிகம். ஐந்தாறு நிமிடத்துக்குப் பிறகு விழுவதெல்லாம் சாக்கடைக்கு. டைமரில் 6 நிமிடம், ஒரு மணி நேர இடைவெளி, மறுபடி 6, மறுபடி 6 என்று பிரித்து வையுங்கள். பல டைமர்களில் இதற்கு 'சைக்கிள் அண்ட் சோக்' என்ற பெயரிலேயே வசதி இருக்கிறது. தினமும் வேண்டாம், வாரம் ஒரு முறை ஆழமாக. தினமும் நனைத்தால் வேர் மேலேயே தங்கி, ஒரு நாள் தவறினாலும் வாடும். தேவையா என்று தெரிய 6 அங்குல ஸ்குரூடிரைவரை மண்ணில் குத்துங்கள். சுலபமாக இறங்கினால் அன்று வேண்டாம்.

இரண்டாவது அழுத்தம். ஸ்பிரே தலைகள் 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்துக்குச் செய்தவை. 60இல் ஓட்டினால் தண்ணீர் பனிப்புகையாகக் காற்றோடு போகும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தலைகளை மாட்டுங்கள். அல்லது சுழன்று தெளிக்கும் ரோட்டேட்டர் நாசில்: மணிக்குச் சுமார் 0.4 அங்குலம்தான் தரும், துளியும் பெரிது. ஒரே வால்வில் ஸ்பிரேயும் ரோட்டேட்டரும் கலந்தால் ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் வறட்சி. மூன்றாவது நேரம். விடிகாலை 4 மணிக்குத்தான் காற்று அடங்கியிருக்கும்.

செடிப் படுக்கைகளைச் சொட்டுநீருக்கு மாற்றிவிடுங்கள். அந்த வால்வில் ஒரு தலையை மட்டும் இணைப்புக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிபோட்டு அடையுங்கள். வரிசை: ஃபில்டர், 25 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டர், பிறகு உள்ளேயே சொட்டுவான் பொருத்திய குழாய். சொட்டுவான் மணிக்கு 0.6 கேலன், 12 அங்குலத்துக்கு ஒன்று. வரிசைக்கு வரிசை 18 அங்குலம். இந்த அளவில் ஓர் அங்குலம் பாய்ச்ச ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அதையும் இரண்டாகப் பிரியுங்கள். குழாயின் கடைசியில் திறந்து கழுவ ஒரு மூடி அவசியம். அது இல்லாத இடத்தில்தான் இரண்டாம் வருடம் கடைக்கோடிச் செடிகள் காரணம் தெரியாமல் காயும். டிசம்பருக்கு முன் தரைக்கு மேலுள்ள பேக்ஃபுளோ வால்வுக்கு (தோட்டத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுப்பது) உறை போடுங்கள். உறைந்தால் முதலில் வெடிப்பது அதுதான்.

புதுச் செடிக்கு முதல் கோடையில் வாரம் ஒரு முறை, இரண்டாம் கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. மூன்றாம் வருடத்திலிருந்து ஒரு மாதம் மழையே இல்லாவிட்டால் மட்டும்.

நட்ட மரமெல்லாம் வடகிழக்கே சாய்கிறது. இலை ஓரம் கருகுகிறது. லபக்கில் காற்றைத் தடுக்க உயரமாகப் பலகை வேலி போடலாமா?
– வாசகர், லபக்

முழுக்க அடைத்த வேலி காற்றை மேலே தூக்கி, மறுபக்கம் சுழற்றி இறக்கும். பாதிக் காற்றை விடும் தடுப்பே மேல்: இடைவெளி விட்ட பலகை, அல்லது அரிசோனா சைப்ரஸ் வரிசை. நல்ல தடுப்பு தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றைத் தணிக்கும். தென்மேற்கில் வையுங்கள், சைப்ரஸ் சுலபமாகத் தீப்பற்றும், வீட்டிலிருந்து 30 அடியாவது தள்ளி நடுங்கள்.

மரம் வாங்கும்போது பெரியதற்கு ஆசைப்படாதீர்கள். 5 கேலன் தொட்டிக் கன்று காற்றுக்கு நின்று வேர் விடும். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேரை வெட்டிவிட்டு நடுங்கள். குழி மூன்று மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டி அளவே. முட்டுக் கொடுத்தால் இரண்டு கம்பு, தாழ்வாக, அகலமான பட்டையால், அடிமரம் கொஞ்சம் ஆடும்படி. ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள். இலைக் கருகல் காற்றால் ஈரம் பறிபோவது. பசுமை மாறா மரங்களுக்கு மழையில்லாத ஜனவரியிலும் மாதம் ஒரு தடவை தண்ணீர் விடுங்கள்.

ஜூலையில் நன்றாக இருந்த புதர் மூன்றே நாளில் வாடிச் செத்தது. இலைகூட உதிரவில்லை. தண்ணீர் போதவில்லையா?
– வாசகி, ஆலன்

பருத்தி வேரழுகல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். காரத்தன்மையுள்ள கறுப்பு மண்ணில் வாழும் பூஞ்சை. மண் சூடாகும்போது தாக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு நம்பகமான மருந்து கிடையாது. அதே குழியில் அதே புதரை மறுபடி நடாதீர்கள். புல் இனங்களும் ரெட் யுக்காவும் ஒருவித்திலைத் தாவரங்கள். இந்தப் பூஞ்சை அவற்றை ஒன்றும் செய்யாது.

தண்ணீரை நிறுத்தினால் அஸ்திவாரம் வெடிக்கும் என்கிறார்களே?
– வாசகர், மெக்கின்னி

புல்லுக்கு விடும் தண்ணீரை அஸ்திவாரத்துக்கு விடுவதாக நினைக்க வேண்டாம். வீட்டின் கான்கிரீட் ஸ்லாபிலிருந்து 12 முதல் 18 அங்குலம் தள்ளி, வீட்டைச் சுற்றித் தனி வால்வில் ஒரு சொட்டுநீர்க் குழாய் போதும். நான்கு பக்கமும் ஈரம் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால்தான் ஆபத்து. விரிசலுக்குள் ஹோஸை விட்டு நிரப்பாதீர்கள்.

எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர்) சங்கம் புல்லைக் குறைக்க விடுமா?
– வாசகி, ஃப்ரிஸ்கோ

டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 202.007ஆம் பிரிவில் 2013இல் செய்த திருத்தப்படி, வறட்சி தாங்கும் தோட்டத்தைச் சங்கம் தடை செய்ய முடியாது. ஆனால் திட்டத்தை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கச் சொல்லலாம். செடிப் பட்டியல், வளர்ந்தபின் உயரம், ஓரப்பட்டை, நடைபாதைப் பொருள், அளவு போட்ட வரைபடம் ஆகியவற்றோடு கொடுங்கள். வறட்சித் தோட்டம் என்ற பொருளில் வெறும் "ஜீரோஸ்கேப்" என்று எழுதினால் அவர்கள் கண்ணில் கல்லும் கள்ளியும்தான் தெரியும்.

முருங்கையும் கறிவேப்பிலையும் இந்தத் தோட்டத்தில் வருமா?
– வாசகி, கொப்பெல்

கறிவேப்பிலை தொட்டியில் மட்டும். இரவு 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள்ளே. குளிர்காலத்தில் மண் காய்ந்த பிறகே தண்ணீர். அப்போது தொட்டி மாற்ற வேண்டாம். நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் ஆனால் இரும்புச்சத்துக் குறை. நம் குழாய்த் தண்ணீரின் காரத்தன்மைக்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புதான் வேலை செய்யும்.

முருங்கையை ஒரு வருடப் பயிராக நினைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் வீட்டுக்குள் விதை, ஏப்ரல் நடுவில் வெளியே, நான்கடியில் நுனி கிள்ளினால் கீரை கீரையாக வரும். காய் பிடிப்பதற்குள் உறைபனி வந்துவிடும். மல்ச் குவித்து வேரைக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் 2021 பிப்ரவரி 16இல் டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. அப்படி ஒரு குளிரை நம்பி எதையும் விட்டுவைக்க முடியாது.

வெயிலையும் காற்றையும் பொருட்படுத்தாத காய் வேண்டுமா? வெண்டை, காராமணி, கொத்தவரை. கொத்தவரை வடக்கு டெக்சஸின் வெர்னன் பக்கம் வயல் வயலாக விளைகிறது. அங்கே அதற்கு 'குவார்' என்று பெயர், விதையின் பிசின் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிறது. மண் 70 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டதும் விதையுங்கள். நைட்ரஜன் உரம் வேண்டாம். போட்டால் இலை மட்டும் தழைக்கும்.