மருந்தில்லாமல் நடத்தைச் சிகிச்சையால் மட்டும் சிகரெட்டை விட முடியுமா?

"ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசினால் சிகரெட்டை விட்டுவிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் புகைத்துப் பின் அந்த வழியில் விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும், ஆனால் அங்கே நடப்பது வெறும் பேச்சு அல்ல.

புகையை இழுத்த சில நொடிகளிலேயே நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுவதால், அந்நேரம் நாம் இருக்கும் இடமும் செய்யும் வேலையும் உடனிருக்கும் ஆளும் சிகரெட்டோடு முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. விட்டவுடன் வரும் எரிச்சலும் தூக்கக் கோளாறும் முதல் சில நாட்களில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் தணிந்துவிடும். முடிச்சுகள் அப்படித் தாமாக அவிழ்வதில்லை. அவற்றை அவிழ்ப்பதற்கே இந்த நடத்தைச் சிகிச்சை.

முதல் சந்திப்பில் ஆலோசகர் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. சிகரெட் பெட்டியோடு ஒரு தாளைச் சுற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பற்றவைக்கும் முன் நேரம், இடம், மனநிலை, உந்துதல் 0 முதல் 10 வரை எவ்வளவு என்பவற்றைக் குறிக்கச் சொன்னார். பிறகு பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு எதிரே 2 அல்லது 3 என்றே இருந்தது. தொலைபேசியில் பேசும்போது கை தானாக எடுத்தவை அவை. 9 என்று எழுதியவை ஏறக்குறைய எல்லாமே யாரோடாவது வாக்குவாதம் நடந்த பிறகு பிடித்தவை. முதல் வகைக்கு, நடந்துகொண்டே பேசுவது, கையில் பேனா வைத்துக்கொள்வது போன்ற மாற்றங்களே போதுமாக இருந்தன. இரண்டாவதற்கு, "ஒன்று பிடித்தால்தான் கோபம் அடங்கும்" என்ற நினைப்பையே எடுத்து ஆராய்ந்தோம். உண்மையில் என்னை அமைதிப்படுத்தியது அறையை விட்டு வெளியேறி நின்ற அந்தச் சில நிமிடங்கள்தான் என்பது அப்போது புரிந்தது. உந்துதல் எவ்வளவு கடுமையாக வந்தாலும் சில நிமிடங்களில் தணியும் என்பதையும் அப்படிப் பழகித்தான் நம்பினேன்.

படிப்படியாகக் குறைப்பதைவிட ஒரு நாளைக் குறித்து முழுமையாக நிறுத்துவதே நல்லது என்பது என் கருத்து. 2016இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்விலும் அப்படி நிறுத்தியவர்களே கூடுதலாக வென்றார்கள். காபி குடிப்பவராக இருந்தால் அன்று முதல் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். புகை காஃபீனை விரைவாகச் சிதைக்கிறது என்பதால், நிறுத்திய பின் அதே காபி உடலில் நெடுநேரம் தங்கிப் படபடப்பைத் தரும். பலர் அதையும் சிகரெட் இல்லாத குறை என்றே எண்ணிவிடுகிறார்கள்.

இடையில் ஒன்றைப் பிடித்துவிட்டால் "எல்லாம் போயிற்று" என்ற எண்ணம் வரும். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்தது இதைத்தான்: அந்த ஒரு சிகரெட்டைவிட, அதன் பின் வரும் குற்றவுணர்வே மனிதரைப் பழைய நிலைக்கு இழுத்துச் செல்கிறது. எனவே அப்படி நடந்தால் யாரை அழைப்பது, மீதிப் பெட்டியை என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

மருந்தை ஒதுக்கவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஆலோசனையையும் மருந்தையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ நிக்கோட்டின் சூயிங்கமோ உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நேரில் போக இயலாதவர்களுக்குத் தொலைபேசி வழி ஆலோசனையும் பலன் தரும். எதைத் தேர்ந்தாலும், நிறுத்திய முதல் வாரத்திலேயே அடுத்த சந்திப்பு இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.